பின் சீட்டில் சஃபியா

சனிக்கிழமை காலை 5.10. திருச்சி உறையூரில் வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பியபோது மீட்டர் 18,406 காட்டியது. 125 சிசி வண்டி. வாங்கி ஐந்து வருடமாகிறது. எனக்கு நாற்பத்தேழு வயது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. விடுமுறை கிடைத்தால் தனியாக ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவது நான்கு வருடப் பழக்கம். இதுவரை எந்த ஊரும் என்னை வா என்று கூப்பிட்டதில்லை. காரைக்காலிலிருந்து கூப்பிட்டார்கள்.

பெண் ஓட்டிகளுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் அந்தச் செய்தி வந்திருந்தது. தலசீமியா நோயுள்ள குழந்தைகளுக்காக ரத்ததான பைக் பயணம். காரைக்கால் கடற்கரையில் தொடங்கித் திருமலைராயன்பட்டினத்தில் முடியும். முடிகிற இடத்தில் ஓட்டி வந்தவர்கள் அத்தனை பேரும் ரத்தம் கொடுப்பார்கள். கீழே தனியாக ஒரு வரி: 'பதிமூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றைப் பின்னால் வைத்து ஓட்ட ஒரு பெண் தேவை. வேகமாக ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.' நான் மணிக்கு ஐம்பதைத் தாண்டுவதில்லை. எழுதிப் போட்டேன். அரை மணியில் பதில் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: 75 ரூபாய். திருவாரூர் வரைக்கும் சாலை நன்றாக இருந்தது. அறுவடைக் காலம். திருவாரூருக்கு அப்புறம் சாலையின் இடது பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நெல்லின் மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும், ஏறாமலிருக்க வலப்பக்கம் போனால் எதிரே பஸ் வரும். நாகப்பட்டினம், நாகூர் தாண்டி வாஞ்சூரில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி எல்லை. கடைப் பலகைகளில் முகவரி மாறுகிறது, பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைகிறது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. வயலில் எந்த மாற்றமும் இல்லை.

10.50. திருமலைராயன்பட்டினம். 158 கிலோமீட்டர்.

பயணத்தை ஏற்பாடு செய்திருந்த அன்வர்தீனுக்குக் கடைத்தெருவில் டைல்ஸ் கடை. பன்னிரண்டு வருடம் குவைத்தில் இருந்து திரும்பியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் முதல் வார்த்தையிலேயே அக்கா என்றார்.

"வாங்கக்கா. முதல்ல தண்ணி குடிங்க. வண்டிய நெழல்ல போடுங்க."

நான் ஏற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளை அவருடைய மகள்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஏன் நீங்களே ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று கேட்டேன்.

"நாந்தாங்க முன்னாடி போவணும். அது ஒன்னு. இன்னொன்னு, அவ பின்னாடி இருந்தா நான் ரோட்டப் பாக்க மாட்டேன். கண்ணாடியில அவளையேதான் பாத்துட்டு வருவேன். எங்கனயாச்சும் கொண்டு போய் உட்ருவேன்."

தலசீமியாவைப் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே செய்துகொள்வதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றிய முதல் வாரம் பிள்ளை ஓடும், ஆடும். இரண்டாவது வாரம் பள்ளிக்கூடம் போய்வரும். மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறாது. சஃபியாவுக்குப் பிறந்த ஏழாவது மாதத்திலிருந்து இப்படி. அடுத்து ஏற்றவேண்டிய நாள் வருகிற புதன்கிழமை. பயணம் ஞாயிற்றுக்கிழமை.

"அப்ப இது மூணாவது வாரமாச்சே?"

"தேதிய நாங்க வைக்கிறதில்லக்கா. போலீஸ் அனுமதி அன்னைக்குத்தான் கெடச்சுது. டாக்டர் பாத்துட்டுப் போலாம்னு சொல்லிட்டாரு. முடியலன்னா பின்னால வேன் வருது, அதுல ஏத்திருங்கன்னாரு."

வீடு கடைக்குப் பின்தெருவில். சஃபியா வாசலுக்கு வந்து என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள்.

"இதுவா? புல்லட் இல்லையா?"

"இல்லம்மா. இதான்."

"வாப்பா புல்லட்டுன்னுதான் சொன்னாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல," என்றார் அன்வர்தீன்.

உருவத்தைப் பார்த்து அஞ்சாம் வகுப்பா என்று கேட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பு. அந்த நோய் வளர்த்தியைக் குறைக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அந்தக் கேள்வி பழக்கம் போலிருந்தது, கோபப்படாமல் திருத்தினாள்.

அவளுடைய உம்மா ஹசீனா மதியம் மீன் ஆனமும் சோறும் போட்டார்; ஆனம் என்றால் குழம்பு. எனக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, அதுவரை பேசாததை எல்லாம் மொத்தமாகப் பேசினார்.

"எனக்கு இதுல இஷ்டமில்லங்க. ஒளிக்காம சொல்லிர்றேன். ஆனா ரெண்டு வருஷமாக் கேக்குறா. நான் சொல்றத மட்டும் மனசுல வச்சுக்குங்க. அவ ஒன்னுமில்லன்னு சொன்னா நம்பாதீங்க. எப்பவும் ஒன்னுமில்லன்னுதான் சொல்லுவா. நல்லா இருந்தான்னா வாய் ஓயாது. வாய் மூடுனா வண்டிய நிறுத்திருங்க."

"சரிங்க."

"நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிராதீங்க."

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி. ஒரு இரவுக்கு 850 ரூபாய், வெந்நீர் உண்டு என்று எழுதியிருந்தது, இல்லை.

ஞாயிறு காலை 6.20. காரைக்கால் கடற்கரைச் சாலை.

நாற்பத்து மூன்று வண்டிகள். பெரும்பாலும் PY 02, காரைக்கால் எண். நாகப்பட்டினம், மயிலாடுதுறை எண்கள் கொஞ்சம். திருச்சி எண் என்னுடையது ஒன்றுதான். அரிசிக் கடைக்காரர், கல்லூரி மாணவர்கள், துறைமுகத்தில் வேலை பார்க்கிற இருவர், விடுப்பில் வந்திருந்த துபாய்க்காரர்கள், பயிர்ச் செலவுக்கு வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று பேசிக்கொண்டிருந்த விவசாயிகள். பெண்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். எல்லோருக்கும் சிவப்புத் துணி ஒன்று, கையில் கட்டிக்கொள்ள. அரசலாறு கடலில் சேருகிற பக்கமிருந்து காற்று பலமாக அடித்ததால் பதாகையை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

விதிமுறைகளை அன்வர்தீன் ஒலிபெருக்கி இல்லாமல் சத்தமாகவே சொன்னார். நாற்பதைத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. சைலன்சரைக் கழற்றிய வண்டி இருந்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம். மொத்தம் 48 கிலோமீட்டர்: தலத்தெரு, கோவில்பத்து, கோட்டுச்சேரி, நெடுங்காடு, அம்பகரத்தூர், திருநள்ளாறு, மறுபடி காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம். எல்லோருக்கும் பின்னால் செல்வமணி. அவருக்கும் பின்னால் வேன்.

செல்வமணி அம்பகரத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது ஏக்கர் நெல், ஒரு பழைய புல்லட். கூட்டத்திலேயே சஃபியா ஆசையாகப் பார்த்த வண்டி அதுதான்.

நானும் சஃபியாவும் கடைசிக்கு முந்தின இடத்தில். ஹசீனா கொடுத்தனுப்பிய துணிப்பை என் காலடியில்: பழச்சாறு, பிஸ்கட், ஒரு துண்டு, டாக்டரின் எண் எழுதிய தாள். சஃபியாவின் ஹெல்மெட் புதிது. விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கிழிக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

7.05. அதிகாரி ஒருவர் கொடி அசைத்தார்.

தலத்தெருவிலும் கோவில்பத்திலும் வீடுகளிலிருந்து ஆட்கள் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். ஞாயிறு என்பதால் சாலையில் கூட்டமில்லை. சஃபியா பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அறிவியல் ஆசிரியர் படம் வரைந்தால் இதயமும் சிறுநீரகமும் ஒரே மாதிரி இருக்கும். பெரிய வாப்பா பாரீசில் இருக்கிறார், வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார், யாருக்கும் புரியாது. வார்டில் மூன்றாவது கட்டிலில் படுத்தால் ஜன்னல் தெரியும், நான்காவதில் படுத்தால் சுவர்தான். வண்டிச் சத்தத்தில் பாதி என் காதில் விழவில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

7.40. கோட்டுச்சேரி. டீ, தலைக்கு 12 ரூபாய். சஃபியாவுக்குப் பால். அன்வர்தீன் முன்னாலிருந்து நடந்து வந்து மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் "எல்லாம் சரியாத்தானேக்கா?" என்றார். சரி என்றேன். அப்போது அது உண்மைதான்.

நெடுங்காடு போகும் சாலை குறுகியது. இருபுறமும் அறுத்த நெல்லின் அடித்தாள், வைக்கோல் கட்டும் இயந்திரங்கள், வரப்பில் கொக்குகள். அறுவடை இயந்திரம் ஒன்று எதிரே வந்ததில் நாற்பத்து மூன்று வண்டிகளும் ஒரே வரிசையாக ஓரத்தில் நின்று வழிவிட்டன. அதன் ஓட்டுநர் எங்களுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

நெடுங்காட்டைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஒன்றை உணர்ந்தேன். சஃபியாவின் பேச்சு நிற்கவில்லை, ஆனால் அது பேச்சாக இல்லை. "உர மருந்துக் கடை... செல் ரீசார்ஜ்... கொம்யூன் பஞ்சாயத்து... மெதுவாகச் செல்லவும்..." வழியில் இருக்கிற பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். பலகை இல்லாத இடத்தில் மின்கம்பத்து எண்களைப் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவளுடைய உம்மா என்னிடம் சொல்லி அனுப்பியிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாய் மூடக் கூடாது என்பதற்காகவே படிக்கிறாள்.

"சஃபியா, ஒரு மாதிரி இருக்கா?"

"ஒன்னுமில்ல. பதினேழு பார் நாலு. பதினேழு பார் அஞ்சு."

அப்புறம் அவளுடைய ஹெல்மெட் என் முதுகில் சாய்ந்தது.

8.35. மீட்டரில் அன்றைய கணக்கு 27 கிலோமீட்டர். அம்பகரத்தூருக்கு முன்னால் ஒரு நிழற்குடையில் வண்டியை நிறுத்தினேன். செல்வமணியும் நிறுத்தினார். முன்னால் போனவர்களுக்குத் தெரியாது, அவர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தமும் போய்விட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றினால் உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சிமெண்டு பெஞ்சில் கிடத்திப் பழச்சாறு கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். மூச்சு வேகமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது. வேன் வந்து நின்றது. அதிலிருந்து செவிலியர் ஒருவர் இறங்கி நாடி பார்த்தார்.

"பயப்பட ஒன்னுமில்ல. ஆனா வேன்லயே வந்துரட்டும்," என்றார்.

சஃபியா எழுந்து உட்கார்ந்தாள். "வேன் வேணாம். பத்து நிமிஷம் உக்காந்தாச் சரியாப் போயிரும். எனக்குத் தெரியும்."

"ஏன் வேணாங்குற?" என்று கேட்டேன்.

"போன வருஷம் வேன்லதான் வந்தேன். ஊருக்கு ஊரு நிறுத்தி, கதவத் தொறந்து, எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. ஒரு பொம்பள பழம் குடுத்துட்டு அழுதாங்க. வண்டியில வந்தா யாரும் அப்படிப் பாக்க மாட்டாங்க. ஹெல்மெட்டு போட்டா நான் யாருன்னே தெரியாது."

நான் ஹசீனாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வாய மூடிட்டாளா?"

"மூடல. பலகையெல்லாம் படிச்சுட்டு வந்தா."

"உதடு?"

"வெளுத்திருக்கு. செவிலியர் வேன்ல ஏத்தச் சொல்றாங்க. இவ மாட்டேங்குறா."

"நான் வர்றேன். எங்கன இருக்கீங்க?"

சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "தெருவுல ஒரு வண்டி இல்லங்க. ஆட்டோக்காரன் போன எடுக்கல. எங்க நாத்தனார் மவன், பக்கத்து வீட்டுப் புள்ள, எதுத்த கடைக்காரரு, எல்லாம் ஒங்ககூடத்தான் வந்திருக்காங்க. ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் எம் புள்ளைக்காகப் போயிருக்கு, எனக்கு ஏறி வர ஒன்னு இல்ல." பிறகு சொன்னார்: "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

அன்வர்தீனின் போனில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

செல்வமணி புல்லட்டை விட்டு இறங்கி பெஞ்சுக்கு வந்தார். "பாப்பா, ஒன்னு செய்யி. அந்தா, அந்தக் கம்பம் வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வா. மூச்சு வாங்கலன்னா அக்காகூடப் போ. வாங்குனா வேன். சரியா?" என்றார்.

கம்பம் முப்பது அடி இருக்கும். சஃபியா போனாள். கம்பத்தைத் தொட்டாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். நன்றாக நடித்தாள். செல்வமணி ஏமாந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். சரி என்பதுபோல என்னைப் பார்த்தார். ஆனால் அவளுடைய கழுத்து நரம்பு துடித்தது எனக்குத் தெரிந்தது.

மீதி 21 கிலோமீட்டர். என் வண்டியில் பின்னால் முதுகு சாய ஒன்றும் கிடையாது, கைப்பிடிக் கம்பி மட்டும்தான். மயங்கினால் இடப்பக்கம் சாய்வாளா வலப்பக்கமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிக்கத் தொடங்கிய பிறகு ஏற்றிக்கொண்டு போக முடியாது.

"வேன்ல ஏறிக்கம்மா," என்றேன்.

அவள் அழவில்லை. "வாப்பாகிட்ட நிதானமா ஓட்டுவேன்னுதான சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். "நீங்களும் எல்லாரு மாதிரிதான்." ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். கண்ணாடிப் பக்கம் உட்காரவில்லை. கதவைச் சாத்த வேண்டாம் என்று செவிலியர் சொன்னதையும் கேட்காமல் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வேனுக்குப் பின்னால் ஓட்டினேன். அம்பகரத்தூர், திருநள்ளாறு. கோயில் வாசல் கடைகளில் முந்தின நாள் கூட்டத்தின் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எள் தீப எண்ணெய் வாசனை சாலை வரைக்கும் வந்தது. நளன் குளத்தின் பக்கம் மற்றவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அங்கே அவர்களைப் பிடித்துவிட்டோம். அன்வர்தீன் வேனுக்கு ஓடினார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்து என் பக்கம் கையை உயர்த்தினார். நன்றியா, சரி போகலாம் என்பதா என்று சொல்ல முடியாத சைகை. மறுபடி முன்னால் போய்விட்டார். பின் சீட்டில் ஆள் இல்லாததால் வண்டி லேசாகி, வேகத்தடைகளில் அதிகமாகத் துள்ளியது.

10.15. திருமலைராயன்பட்டினம், திருமண மண்டபம்.

மேடையில் போன வாரத்துக் கல்யாணத்தின் தெர்மாகோல் இதயங்கள் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே எட்டுக் கட்டில்கள். வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு எல்லோருடைய சாவியையும் வாங்கினார். ரத்தம் கொடுத்தவர் ஒரு மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது.

ஹசீனா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். மண்டபம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர், நடந்தே வந்திருக்கிறார். வேன் கதவைத் திறந்து பிள்ளையை இடுப்போடு அணைத்து உள்ளே கூட்டிப்போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

வரிசையில் என் முறை வந்தது. விரலில் குத்தி ஒரு துளி எடுத்து, நீல நிறத் திரவம் இருந்த குவளையில் விட்டார்கள். ரத்தத்தில் சத்து போதுமென்றால் மூழ்க வேண்டும். என்னுடையது மிதந்தது. மறுபடி ஒரு துளி. அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலேயே நின்றது. கருவியில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட்டு அங்கிருந்த செவிலியர் சொன்னார்: "பத்து புள்ளி ஒன்பதுங்க. பன்னெண்டரை இருக்கணும். ஒங்ககிட்ட எடுக்க முடியாது. கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க, ஊர்ல டாக்டரப் பாருங்க."

158 கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஏற்றிக்கொண்ட பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, கொடுக்க வந்த ரத்தத்தையும் கொடுக்க முடியாமல், யாரோ நீட்டிய மாம்பழச்சாறு டப்பாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைக்கூட ரத்தம் கொடுத்தவர்களுக்குத்தான் தர வேண்டுமாம். தந்தவர் பார்க்கவில்லை.

மணப்பெண் அறையில் சஃபியாவைப் படுக்கவைத்திருந்தார்கள். அவளுக்கும் ஹீமோகுளோபின் பார்த்தாகிவிட்டது: ஆறு புள்ளி நான்கு. புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே ஏற்றிவிடலாம் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். நான் வாசலில் தயங்குவதைப் பார்த்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"இல்ல. வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"கம்மியாம். பத்து புள்ளி ஒன்பது."

அவள் கூரையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டாள். "எனக்கு ஏத்துன மறுநாள் பதினொன்னு, பதினொன்னரை இருக்கும். ஒங்கள விட ஜாஸ்தி." அப்புறம்: "ஒங்கள யாராச்சும் வேன்ல ஏத்துனாங்களா?"

"இல்ல."

"ஏத்தியிருக்கணும்," என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்ததில் மூச்சு வாங்கியது. ஹசீனா அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "போதும், சிரிக்காத," என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று சாயங்காலமே திருச்சிக்குக் கிளம்புவதாக இருந்தவள், விடுதியில் இன்னொரு 850 ரூபாயைக் கட்டினேன்.

திங்கள் காலை 9.30. காரைக்கால், ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. முதல் மாடி.

சஃபியாவுக்கு மூன்றாவது கட்டில் கிடைத்திருந்தது. தலைமாட்டில் பை தொங்கியது, கருஞ்சிவப்பு. குழாயில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ரத்தம் கொடுத்த கல்லூரி மாணவன் ஒருவன் வந்திருந்தான். அது தன்னுடையதா என்று செவிலியரிடம் மெதுவாகக் கேட்டான்.

"நேத்து எடுத்தது இன்னும் பரிசோதனைக்கே போவலப்பா. இது என்னைக்கோ யாரோ குடுத்தது. யாருதுன்னு நாங்க சொல்லவும் மாட்டோம்."

அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. சஃபியாவிடம் பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதில் நான்கை எடுத்து என் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க. ஒங்களுக்குத்தான் வேணும்."

விடைபெறும்போது ஹசீனா கீழே வரை என்னுடன் வந்தார். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. நேற்று முழுக்க அவர் சொல்லாதது ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. நான் செய்தது தப்பு என்பாரோ, சரி என்பாரோ என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை.

"இது ஓட்டக் கஷ்டமா?" என்று கேட்டார்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"நிக்காஹ்வுக்கு முன்னாடி. பள்ளிக்கூடத்துக்கு."

"அப்ப கஷ்டமில்ல."

"பன்னெண்டு பதிமூணு வருஷமா இங்க வர்றேன். அவங்க குவைத்துல இருந்தப்ப எல்லாம் ஆட்டோதான். ரா பகல்னு பாக்காம ஆட்டோக்காரன் வீட்டுக் கதவத் தட்டியிருக்கேன். எனக்குன்னு ஒன்னு இருக்கணும்னு தோணுனதே இல்ல. நேத்துதான், தெருவுல நின்னப்போ..."

சாவியை நீட்டினேன். சுற்றும்முற்றும் பார்த்தார். புர்காவின் கீழ்ப்பக்கத்தை மடித்து முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை முறுக்கினால் போகும், இடது கை பிடித்தால் நிற்கும், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள் என்றேன். முதல் தடவை சேர்த்தே செய்தார். வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாவது தடவை இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி இருபது அடி போனார். நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "அம்மா, இது ஓட்டிப் பழகுற எடமாங்க? பேஷண்டு வர்ற வழி."

"அஞ்சு நிமிஷங்க," என்றேன். அவருக்கு ஹசீனாவைப் பல வருடமாகத் தெரியும் போல. வெளிக்கேட்டில் ஒரு பாதியைச் சாத்திவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூன்றாவது சுற்றில் கம்பியை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது. வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சஃபியா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் குழாய். இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா! கால மேல வைங்க! கால மேல!"

ஹசீனா மேலே பார்க்கவில்லை. பார்வையை மரத்திலேயே வைத்துக்கொண்டு முதலில் வலது காலை எடுத்து வைத்தார், அப்புறம் இடது காலை. அப்படியே ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து என் பக்கத்தில் சடாரென்று பிரேக் பிடித்து நிறுத்தினார்.

"எவ்வளவு இது?" என்று வண்டியைத் தட்டிக் கேட்டார். புதிது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று சொன்னேன். "அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

10.50க்குக் கிளம்பினேன். வாஞ்சூருக்கு முன்னாலிருந்த பெட்ரோல் பங்கில் தொட்டியை நிரப்பிக்கொண்டேன். திருச்சிக்காரர்கள் யாரும் அதைச் செய்யாமல் எல்லையைத் தாண்டமாட்டார்கள். திருவாரூர்ச் சாலையில் நெல்லை அள்ளி முடித்திருந்தார்கள். மாலை 4.35க்கு உறையூர். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஹசீனா ஓட்டிய தூரத்தையும் சேர்த்து மீட்டர் 18,794.

எங்கள் தெருவில் எட்டு வீடு தள்ளி ஒரு பெண் தினமும் மாலையில் மகனை ஸ்கூட்டரின் பின் சீட்டில் வைத்து டியூஷனுக்கு அழைத்துப் போவார். நான் தெருவுக்குள் நுழையும்போது அவர் எதிரே வந்தார். வழக்கமாக ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டி, அவர்கள் முனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தேன்.